ஒரு தடவைதான் அழுத்தினார்கள்

போர்ட்லெட் செத்துப்போய்ப் பல வருடம் ஆகிவிட்டது என்று எனக்குச் சொன்னவர் சென்னையில் இருந்தார். ஜாவாவில் ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு வாட்ஸப் குழுவில், போர்ட்லெட் எழுதுவதில் நான் ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன். தெரிந்தால் பதில் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "அதெல்லாம் இப்ப யாரு மேடம் படிக்கிறா, புதுசா ஏதாவது படிங்க" என்று எனக்குப் புத்தி சொன்னார். "நீங்க செத்துப்போச்சுன்னு சொல்றதுதான் எங்க மில்லுல மூணு ஷிஃப்டுக்கும் வேலை பாத்துக்கிட்டு இருக்கு" என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினேன். ஆத்திரத்தில் வெளியேறியது முட்டாள்தனம். அதற்குப் பிறகு சந்தேகம் கேட்க எனக்கு ஒரு ஆள்கூட இல்லை.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா படித்து, அங்கேயே கொஞ்ச காலம் சொல்லியும் கொடுத்தேன். அதில் இணையப் பக்கங்களுக்கு எழுதுகிற சர்வ்லெட் பற்றி என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு வருடம் அடுப்படி. பிள்ளைகள் தாமாகவே பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்த பிறகு, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து போய் நின்றேன்.

என் வீட்டுக்காரர் உரக்கடையில் வேலை பார்க்கிறவர். "பொறவும் மொதல்லருந்தா? எம்புட்டு நாளைக்கு இந்த ஆட்டம்?" என்றார்.

"ஆடி முடிக்கிற வரைக்கும்" என்றேன். "சோறு வடிச்சாச்சு. கொழம்பச் சூடு பண்ணிக்கிடுங்க."

மில்லில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு மேனேஜர். கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார்; அது எனக்குப் புரியாது என்பதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் சர்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கிற பன்னிரண்டு வருட ஓட்டையைப் பற்றிக் கேட்டார். "பிள்ள வளத்தேன் சார்" என்றேன். "மூணு மாசம் பாப்போம்மா. புரட்டாசிக்குள்ள லீவு ப்ரோக்ராம் ஓடணும். ஓடலைன்னா வருத்தப்படக் கூடாது" என்றார். வேறு ஆள் கிடைத்திருந்தால் என்னை எடுத்திருக்க மாட்டார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. முன்னால் இருந்தவன் பெங்களூருக்குப் போய்விட்டான். போர்ட்லெட் எழுத வருகிறேன் என்று சொல்லி வந்த ஒரே ஆள் நான். அதுவும் பொய். எனக்கு அந்த வார்த்தை தெரிந்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

வருகை பதிகிற இடமான மில்லின் டைம் ஆபீஸ் வாசலில் ஒரு பெரிய தொடுதிரை இருக்கிறது. ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் தங்கள் டோக்கன் எண்ணைப் போட்டால் ஒரு பக்கம் திறக்கும். அதில் நான்கு பெட்டிகள்: மில் பஸ் நேரம், கேன்டீன், ஷிஃப்ட் பட்டியல், அறிவிப்புகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு போர்ட்லெட். நான்கையும் ஒரே பக்கத்தில் கோத்துக் காட்டுகிற பெரிய மென்பொருளுக்குப் போர்ட்டல் என்று பெயர். ஐந்தாவதாக விடுப்புக்கு ஒரு பெட்டி வேண்டும், அதுதான் என் வேலை.

புரட்டாசி என்று மேனேஜர் கெடு வைத்ததற்குக் காரணம் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமை திருவண்ணாமலைக்குப் போக எல்லாரும் லீவு கேட்பார்கள். தீபம் ஏற்றுகிற ஊரைச் சொல்லவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி இருக்கிற எங்கள் பெருமாள் மலையைச் சொல்கிறேன். ஒரே சனிக்கிழமை எல்லாரும் போனால் மில் நின்றுவிடும். அதனால் ஒரு சனிக்கு நாற்பது பேர், ஒரு ஆளுக்கு ஒரு சனி என்று ஏற்பாடு. அதுவரை அதைக் காகிதத்தில் எழுதி, சண்டை போட்டு, அடித்துத் திருத்தி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சொல்லிக் கொடுக்க ராஜபாளையத்திலும் ஆள் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை. பழைய ஆவணம் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, பிரிண்ட் எடுத்து, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, பரீட்சையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

சர்வ்லெட் தனி வீட்டுக்காரி. கதவைத் தட்டினால் அவளே திறப்பாள், அவளே பதில் சொல்வாள். முகவரி அவளுடையது, பக்கம் முழுக்க அவளுடையது. போர்ட்லெட் பல குடித்தனம் இருக்கிற வளவு வீட்டில் ஒரு அறையில் இருக்கிறவள். தெருக்கதவு பொதுவானது, அதைத் திறக்கிறது போர்ட்டல். தனக்கென்று ஒரு முகவரி கிடையாது. போர்ட்டல் போட்டுக் கொடுக்கிற இணைப்பைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். முற்றத்தில் யார் என்ன செய்தாலும் அவளுக்கும் அது வந்து சேரும்.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது தலையில் ஏறவில்லை. முதல் நாள் நான் எழுதிய பெட்டியில் ஒரு முழுப் பக்கத்துக்கான தொடக்கமும் முடிவும் எழுதி வைத்துவிட்டேன், சர்வ்லெட் பழக்கம். ஏற்கெனவே திறந்திருக்கிற பக்கத்துக்குள் நான் இன்னொரு பக்கத்தைத் திறந்து மூடியதில், பஸ் நேரம் ஒரு ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது, கேன்டீனைக் காணோம். அடுத்த நாள் என் பொத்தானுக்கு நான் வைத்த பெயரையே பஸ் பெட்டியின் பொத்தானும் வைத்திருந்தது. என் பொத்தானை அழுத்தினால் பஸ் பெட்டி பதில் சொன்னது. மேனேஜர் பின்னால் நின்று பார்த்தார், தெலுங்கில் ஏதோ சொன்னார், போய்விட்டார். நான் திரும்பியே பார்க்கவில்லை. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நாற்காலியை விட்டு எழுந்தால் மறுபடி ஒரு நாற்காலி எனக்குக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். எனக்குக் கிடைத்தது அந்த மூன்று மாதம்தான்.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. சர்வ்லெட்டில் கேள்வி வரும், வேலை நடக்கும், பதில் போகும், அதோடு சரி. போர்ட்லெட்டில் அது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று ஆக்‌ஷன்: என் பெட்டியில் ஒருவர் ஏதாவது செய்யச் சொன்னால் அந்தக் காரியம் அங்கே ஒரே ஒரு தடவை நடக்கும். இன்னொன்று ரெண்டர்: பெட்டி தன்னை வரைந்து காட்டுவது. அந்த வரியை நான் படித்தேன், அடிக்கோடுகூடப் போட்டேன். ஆனால் எழுதிப் பார்த்தபோது, ஆக்‌ஷனில் வந்த டோக்கன் எண்ணும் தேதியும் ரெண்டருக்கு வந்து சேரவே இல்லை. வெறும் காலி. இரண்டு நாள் முட்டி மோதினேன். மூன்றாம் நாள், ஆக்‌ஷனே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு, வரைந்து காட்டுகிற இடத்திலேயே விடுப்பைச் சேமிக்கிற வேலையையும் வைத்துவிட்டேன். சர்வ்லெட்டில் அப்படித்தானே செய்வோம். அழுத்தினேன், பட்டியலில் ஒரு வரி விழுந்தது. எனக்கென்று தனியாக ஒரு காலிப் பக்கம் வைத்து, அதில் என் பெட்டியை மட்டும் போட்டு இருபது தடவை பார்த்தேன். இருபதுக்கு இருபது வரி, ஒன்றுகூடத் தப்பவில்லை. பஸ்ஸில் போகும்போது நானாகவே சிரித்துக்கொண்டு போனேன்.

புரட்டாசி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது பெட்டியைத் திரையில் ஏற்றினோம். மதிய ஷிஃப்டுக்குள் முதல் சனிக்கிழமைக்கு நாற்பது இடமும் நிறைந்துவிட்டது. "பரவால்லம்மா" என்றார் மேனேஜர். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் ஷிஃப்டுக்கு வந்தவர்கள் இடமில்லை என்ற பதிலைப் பார்த்துவிட்டு டைம் ஆபீஸில் சத்தம் போட்டார்கள். பட்டியலை பிரிண்ட் எடுத்தோம். நாற்பது வரி இருந்தது, ஆனால் ஆட்கள் ஏழே பேர்தான். ஒரே டோக்கன் எண் திரும்பத் திரும்ப வந்திருந்தது.

அதில் ஒன்று தேவதானத்திலிருந்து வருகிற ஒரு அக்காவுடையது. நூல் சுற்றுகிற மிஷின் பார்ப்பவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் எண் ஒன்பது தடவை இருந்தது. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, ஒனக்கு ஒரு சனிக்கெழம பத்தாதா? ஒம்பது தடவ அமுக்கிருக்க?"

"நான் ஒரு தடவதான் சார் அமுக்குனேன்."

"மிஷினு பொய் சொல்லுமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. மிஷினு பொய் சொல்லுமா?"

"சொல்லாது சார்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. யோசிக்கவே இல்லை. என் பெட்டியை நான் இருபது தடவை பார்த்துவிட்டேன் என்ற திமிர். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் ஒரு நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். தொழிலாளர்கள் இயந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் இந்த வருடம் புரட்டாசிச் சனிக்கிழமை விடுப்பு முழுவதும் ரத்து. அதை டைப் அடித்தவளும் நான்தான். அடித்து முடித்ததும் பிரிண்ட் பொத்தானில் கை போகவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள், அந்த மலையில் எனக்கு எந்த வேண்டுதலும் கிடையாது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை என்று ஒருவன் நோட்டீஸ் ஒட்டினால் நான் சும்மா இருப்பேனா? வருடம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறவர், அதற்கு ஒன்பது தடவை ஆசைப்பட்டுப் பொய்யும் சொல்வாரா?

மறுநாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டைம் ஆபீஸ் வாசலுக்குப் போனேன். அக்கா வந்தார்.

"அக்கா, நேத்து எப்படி அமுக்குனீங்க? செத்த நேரம் செஞ்சு காட்டுங்க."

"எதுக்கு? ஒம்பது பத்தாதுன்னு இன்னும் ரெண்டு கூட்டவா?"

"திட்டுறதுன்னா திட்டிக்கிடுங்க. ஆனா காட்டுங்க."

முந்தின நாள் விழுந்த வரிகளையெல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பட்டியலை வெறுமையாக்கிக் கொடுத்தேன். அக்கா விரலைச் சேலையில் துடைத்தார். டோக்கன் எண்ணைப் போட்டு, முதல் சனிக்கிழமையைத் தொட்டு, விடுப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஒரே தடவைதான். என் லேப்டாப்பில் ஒரு வரி. சரிதானே என்று நான் மூடப் போனேன். அக்கா நகரவில்லை. பஸ் பெட்டியில் தேவதானத்தைத் தொட்டார்.

"அது எதுக்குக்கா?"

"வெள்ளிக்கெழம ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸு எத்தனைக்கு எறக்கி விடுதுன்னு பாக்க வேண்டாமா? மலைக்கு நாங்க ஒத்தையாப் போறதில்ல. எட்டுப் பேரு சேந்துதான் போவோம். தளவாய்புரத்துக்காரி ரெண்டு பேரு, சேத்தூர்க்காரி ஒருத்தி, இன்னும் ஆளுக்கு ஒரு ஊரு. எல்லாருக்கும் பாத்துத்தான் எங்க கூடுறதுன்னு பேசி முடிப்போம்."

பேசிக்கொண்டே தளவாய்புரத்தைத் தொட்டார், சேத்தூரைத் தொட்டார், ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸைப் பார்த்தார். ஒவ்வொரு தொடுதலுக்கும் என் லேப்டாப்பில் ஒரு வரி கூடியது. அவர் பஸ்ஸைத்தான் தொடுகிறார், என் பெட்டிப் பக்கம் கையே போகவில்லை.

பக்கத்துப் பெட்டியில் யார் எதைத் தொட்டாலும் போர்ட்டல் பக்கம் முழுவதையும் புதிதாக வரைகிறது. என் பெட்டியையும் வரையச் சொல்கிறது, கடைசியாக அதற்குக் கொடுத்த டோக்கனையும் தேதியையும் மறக்காமல் மறுபடி கையில் கொடுத்து. நானோ வரைகிற இடத்தில் விடுப்பைச் சேமித்து வைத்திருக்கிறேன். அதனால் ஒரு பஸ்ஸுக்கு ஒரு விடுப்பு. தனியாக ஒரு பக்கத்தில் என் பெட்டியை மட்டும் வைத்து ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. நான் அடிக்கோடு போட்ட வரி அதைத்தான் சொல்லியிருக்கிறது.

"அக்கா, நீங்க ஒரு தடவதான் அமுக்குனீங்க" என்றேன்.

"அதத்தான் நேத்தே சொன்னேன்" என்றார்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். "சார், தப்பு என் ப்ரோக்ராம்ல இருக்கு. அவங்க மேல இல்ல" என்று சொல்லி, காட்டியும் கொடுத்தேன். அவருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது, மந்தமான ஆள் இல்லை. கதவைச் சாத்தினார்.

"சரி, அத நீங்க சத்தமில்லாமச் சரி பண்ணிருங்க. நோட்டீஸ் அது பாட்டுக்குப் போகட்டும். ஆபீஸ்ல தப்புன்னு ஒருக்கா வெளிய போச்சுன்னா, நாளைக்கு எல்லாத்துக்கும் வந்து நிப்பாங்க. அடுத்த வருஷம் நல்லா ஓட்டிக்கலாம். உங்க மூணு மாசமும் முடியப் போகுது, அதையும் நெனச்சுக்கிடுங்க."

நினைத்தேன், நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அவ்வளவு படித்து, அவ்வளவு பஸ் ஏறி, வீட்டில் அவ்வளவு வாயாடி வாங்கிய இடம் அது. வாயை மூடிக்கொண்டு நோட்டீஸை ஒட்டினால் என் நாற்காலி எனக்கு. ஒட்டாவிட்டால் மறுபடி அடுப்படி. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தினமும் வாசலில் அந்த அக்கா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

"முடியாது சார்" என்றேன்.

வெளியே வந்து அவர் சொன்ன நோட்டீஸை அழித்துவிட்டு வேறொன்று அடித்தேன். விடுப்புப் பட்டியலில் நடந்த குழப்பத்துக்குக் காரணம் நான் எழுதிய நிரல். தொழிலாளர்கள் ஒரு தடவைதான் அழுத்தினார்கள். பட்டியல் திருத்தப்படும், விடுப்பு ரத்து இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். ரத்து இல்லை என்று எழுத எனக்கு என்ன அதிகாரம்? ஒரு அதிகாரமும் இல்லை. பலகையில் குத்தினேன். ஷிஃப்டுக்கு வந்த ஒரு பெண் சத்தமாக வாசிக்க, சுற்றி நின்று கேட்டார்கள். மேனேஜர் வந்து பார்த்தபோது முப்பது நாற்பது பேர் அதன் முன்னால் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் அவரால் அதைக் கிழிக்க முடியவில்லை. தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

சரி செய்ய ஒரு மணி நேரம் பிடிக்கவில்லை. சேமிக்கிற வேலையை ஆக்‌ஷனுக்கு மாற்றினேன். ரெண்டருக்கு என்ன போக வேண்டுமோ அதை ஆக்‌ஷனே கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும், தானாகப் போகாது. அதற்கு ஒரு வரி போதும். இரண்டு நாள் முட்டி மோதியது அந்த ஒரு வரி தெரியாமல்தான். ஒரு ஆளுக்கு ஒரு வரிக்கு மேல் ஏறக் கூடாது என்று பட்டியலிலும் ஒரு பூட்டுப் போட்டேன். முதல் நாள் விழுந்த பட்டியலைத் தொடக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தொட்டேன், ஆளுக்கு ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியை அழித்தேன். அக்காவைக் கூப்பிட்டு, ஊர் ஊராக அத்தனை பஸ்ஸையும் அழுத்தச் சொன்னேன். அவர் எரிச்சலோடு அழுத்தித் தள்ளினார். ஒரு வரி. கேன்டீனையும் அழுத்தினார். அப்போதும் ஒரு வரி.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, போச்சா?" என்றார்.

"இன்னும் போகல. போனாப் போகட்டும்."

எழுந்து போய்க் குழம்பைச் சூடு பண்ணினார்.

விடுப்பு ரத்தாகவில்லை. முதல் சனிக்கிழமை நாற்பது பேரும் போனார்கள், நாற்பதும் வேறு வேறு ஆட்கள். மூன்றாவது வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் எனக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் இருந்தது. ஷிஃப்ட் பெட்டியையும் புதிதாக எழுத வேண்டுமாம், எழுதத் தெரிந்த வேறு ஆள் இல்லையாம். "பலகையில இருக்கே அந்தக் காயிதம், அத எடுத்துருங்க. எடுத்துட்டு வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"புரட்டாசி முடியட்டும் சார். அது வரைக்கும் ஆர்டர் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஷிஃப்ட் பெட்டியின் பழைய நிரலைத் திறந்தேன்.

கடைசிச் சனிக்கிழமையும் முடிந்தது. திங்கட்கிழமை காலையில் நானே எடுத்துவிடலாம் என்று பலகைக்குப் போனால் நான்கு ஊசியும் இருந்தன, காகிதத்தைக் காணோம். மேனேஜர் வேலை என்று நினைத்து எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் அறைப் பக்கம் திரும்பினேன். நடு வழியில் அக்கா என்னை நிறுத்தினார். முதல் சனிக்கிழமை மலையில் போட்ட மொட்டையில் முடி இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

"அத நான்தான் எடுத்தேன்" என்றார்.

"எதுக்குக்கா? வெறுங் காயிதந்தானே?"

"ஒங்களுக்கு வெறுங் காயிதம். இருவது வருசமா இங்க எது கெட்டாலும் எங்க கையாலதான் கெட்டுச்சும்பாக. ஆபீஸ்காரவிய தப்புன்னு அவிய கையெழுத்தோட எங்ககிட்ட ஒண்ணுகூடக் கெடையாது. இப்ப ஒண்ணு இருக்கு" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார். "நாளைக்கு நீங்களே எங்க மேல பழியத் தூக்கிப் போட்டாலும், இதத்தான் எடுத்து நீட்டுவேன்."